கிராம்பின் நெற்றிச் சுட்டி

வாடிக்கைக்கார அம்மாளின் தலைக்கு டை பூசி ஊற வைத்திருந்தபோது, கொல்லைப்பக்கமிருந்து கணவரின் குரல் வந்தது. சத்தமாக வரவில்லை. அதைக் கேட்டுத்தான் டை பூசியவள் கையைக்கூடத் துடைக்காமல் எழுந்தாள். உப்பு குறைந்தாலே ஊரைக் கூட்டுகிற மனிதர் அடங்கிய குரலில் கூப்பிட்டால், விஷயம் கையை மீறிவிட்டது என்று அர்த்தம்.

"இங்க கொஞ்சம் வா. கிராம்பு படுத்து உருளுது."

அவளுக்குத் தெருவில் பெயர் 'பியூட்டி'. வீட்டின் முன்னறையில் பதினோரு வருடமாகப் பார்லர் நடத்துகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அடையாள அட்டையில் இருக்கிற பெயரை அவளே மறந்து வெகுகாலமாயிற்று. கணவர் முன்பு பள்ளி வேன் ஓட்டினார். இரண்டு மாதம் முன்பு திடீரென்று ஞானம் பிறந்தவர் மாதிரி, குட்டை ரகக் குதிரைக் குட்டிகள் இரண்டை அதே வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். வெவ்வேறு தாய்க்குப் பிறந்தவை. இரண்டும் பெட்டை, இரண்டுக்கும் ஐந்து மாதம், இரண்டும் அவர் தொடை உயரம். பெரியதானால் சின்ன வண்டியில் பூட்டலாம். அதுவரை பிறந்தநாள் விழாக்களில் ரிப்பன் கட்டி ஜோடியாக நிறுத்தினால் குழந்தைகள் படம் எடுத்துக்கொள்வார்கள் என்பது திட்டம்.

ஜோடி என்றால் அச்சு அசல் ஜோடியாக இருக்க வேண்டுமல்லவா? ஏலக்காய் என்று பெயர் வைத்த குட்டி முழுக்கக் கரும்பழுப்பு. கிராம்பும் கரும்பழுப்புதான், ஆனால் நெற்றியில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வெள்ளைச் சுட்டி. பியூட்டி அதை ஒரே அமர்வில் டை போட்டு மறைத்துவிட்டாள். "ஊர்ல பாதிப் பேரோட வயசை மறைக்கிறேன், இந்தச் சுட்டி எந்த மூலைக்கு?" என்று பெருமை வேறு. அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் அடையாளம் முகப்பட்டைதான். சிவப்புப் பட்டை கிராம்பு, நீலப் பட்டை ஏலக்காய். தனக்குப் பட்டையே தேவையில்லை, முகம் பார்த்தே தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் பியூட்டி ஒருத்திதான்.

கொல்லையில் சிவப்புப் பட்டைக்காரி மல்லாந்து உருண்டு கொண்டிருந்தது. எழுந்தது, தன் வயிற்றைத் தானே திரும்பிப் பார்த்தது, வயிற்றைப் பின்னங்காலால் எட்டி உதைத்துக்கொண்டது, மறுபடி விழுந்தது. நெற்றியில் டை போட்ட முடி வளர்ந்து விலகி, வேரில் வெள்ளைக் கோடு சாக்பீஸ் கிழித்த மாதிரி தெரிந்தது. கிராம்பேதான். சந்தேகமே இல்லை.

டாக்டர் வர அரைமணி ஆகும் என்றார்கள். கணவர் குட்டியை எழுப்பி மெல்ல நடத்தினார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் நாத்தனார் கடைக்கு லீவு சொன்னாள். பியூட்டிக்கு மட்டும் செய்ய ஒன்றும் இல்லை. கை சும்மா இருந்தால் அவளுக்கு மூளை ஓடாது. பார்லரில் கலக்கிய டை கிண்ணத்தில் மீதி இருந்தது. வெளி ஆள் ஒருத்தர் வரப்போகிறார், குட்டி நெற்றியில் வேர் தெரிய நிற்கிறது. பதினோரு வருடத்தில் ஒரு தலையைக்கூட வேர் தெரிய அவள் வெளியே அனுப்பியதில்லை. அடுத்த ஐந்தாவது நிமிடம் பிரஷ்ஷுடன் குட்டியின் முன்னால் முட்டி போட்டிருந்தாள்.

"அது உயிருக்குப் போராடுது, உனக்கு இப்பத்தான் டச்சப்பா?" என்றார் கணவர்.

"ஆஸ்பத்திரிக்குப் போறப்ப நீங்க தலை சீவிக்க மாட்டீங்களா?" என்றாள் அவள். அந்த நேரத்தில் அது நியாயமாகத்தான் பட்டது.

டாக்டரம்மா வந்தார். நாய் பூனை டாக்டர். குதிரையைக் கல்லூரியில் இரண்டு முறை தொட்டதோடு சரி என்று வந்ததும் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மை ஒருபக்கம் ஆறுதலாகவும் ஒருபக்கம் கிலியாகவும் இருந்தது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்து எண்ணினார். இதயம் தொண்ணூற்றாறு. ஐம்பது, அறுபதுக்குள் இருக்க வேண்டியது. வயிற்றின் வலதுபக்கம் குடல் சத்தமே இல்லை. "அடைப்பு. ஏதோ தின்னக்கூடாததைத் தின்னிருக்கு. இந்த ரகக் குட்டிங்க கண்டதையும் மேயும்." வலிக்கு ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டு, வயிற்றுக்குள் பாரஃபின் எண்ணெய் இறக்கினார். பிறகு உத்தரவுகளை அடுக்கினார். தீவனம் கிடையாது, தண்ணீர் மட்டும். மணிக்குப் பத்து நிமிடம் நடை. வயிற்றைச் சுற்றி டேப்பால் அளந்து எழுத வேண்டும். லத்தி போட்டால் எழுத வேண்டும். எண்ணெய் பின்னால் வழிந்தால்தான் வழி திறந்தது என்று அர்த்தம். நாளை மதியத்துக்குள் எண்ணெய் வராவிட்டால் மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் பெரிய கால்நடை ஆஸ்பத்திரி; அங்கே வயிற்றைத் திறப்பார்கள். இந்த வயதுக் குட்டி அதிலிருந்து எழுந்திருப்பது பாதிக்குப் பாதிதான்.

கையைத் துடைக்கும்போது அவர் விரல் நுனிகள் கறுப்பாக இருந்தன. "இது என்னம்மா, நெத்தியில?"

"ஈ உக்காராம இருக்க மருந்துங்க" என்றாள் பியூட்டி.

நாத்தனார் அவளை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான்கு பக்கம் எழுதலாம்.

கார் ஷெட் நோயாளி அறையானது. நாத்தனார் மருந்துக்கடைக் காலண்டரின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு ஒட்டினாள்: நேரம், வயிறு, இதயம், லத்தி, எண்ணெய். முதல் வரி: வயிறு முப்பத்து மூன்று இன்ச். தையல் டேப் பியூட்டியுடையது; இதயத் துடிப்பைக் கை வைத்து எண்ணுவது நாத்தனார்.

கிராம்பு தனியாக இருக்கமாட்டேன் என்று கனைத்தது. சரி என்று நடைக்கு மட்டும் ஏலக்காயையும் கொல்லைக் கொட்டகையிலிருந்து கூட்டிவந்து இரண்டையும் ஒன்றாக நடத்தினார்கள். ஜோடி பக்கத்தில் இருந்தால் நோயாளி அடங்கி நடந்தது. இதுவரை எல்லாம் புரிந்தது. புரிந்ததெல்லாம் சாயங்காலம் நாலு மணியோடு முடிந்தது.

நாலு மணிக்கு நடை முடிந்ததும், முகப்பட்டையெல்லாம் எண்ணெயும் மருந்துமாக நாறுகிறது என்று பியூட்டி இரண்டையும் கழற்றி சோப்புத் தண்ணீரில் முக்கினாள். அலசிப் பிழிந்து மாட்டப்போனபோது, இரண்டு குட்டியும் தோளோடு தோள் ஒட்டி நின்றன. வலியூசி வேலை செய்துகொண்டிருந்ததால் நோயாளியும் அசையாமல் நின்றது.

"அண்ணி, எது எதுன்னு தெரியுதா?" என்றாள் நாத்தனார்.

"நான் பூசின முகம் எனக்குத் தெரியாதா?" என்றாள் பியூட்டி. சிவப்பை எடுத்து ஒன்றுக்கு மாட்டினாள். நீலத்தை இன்னொன்றுக்கு.

அதன்பிறகு காலண்டர் பைத்தியம் பிடித்தது போல் பேச ஆரம்பித்தது.

ஐந்து மணிக்கு வயிறு முப்பத்தொன்று. இதயம் ஐம்பத்தெட்டு. ஆறு மணிக்கு லத்தி, அதுவும் அழகான லத்தி. கணவர் அதைச் செல்போனில் படமெடுத்து டாக்டருக்கு அனுப்பினார். பேரன் பிறந்தவர் கணக்காகப் பூரித்து நின்றார். ஆனால் எண்ணெய்ச் சுவடு இல்லை. போதாததற்குச் சிவப்புப் பட்டைக்காரி காலால் தரையைப் பிராண்டியது. கதவை உதைத்தது. மரச்சட்டத்தைக் கடித்தது. ஜோடியையும் கடித்துவைக்கும் என்று அதைத் தனியாகவே நடத்தினார்கள். வலி முற்றுகிறதோ என்று டாக்டரிடம் கேட்டார்கள். அவர் பாதி டோஸ் சொன்னார், நாத்தனார் போட்டாள். கொஞ்ச நேரம் தூங்கி வழிந்தது. பிறகு மறுபடி உதை. இரவுக் காவல் கணவருடையது. காலையில் அவர் கண்கள் இரண்டும் தக்காளி மாதிரி இருந்தன. இரவெல்லாம் உதைத்ததாம். லத்தி மட்டும் நின்றுபோயிருந்தது.

நாத்தனார் காலையில் அளந்தாள். முப்பது. டேப்பைத் திருப்பிப் போட்டு அளந்தாள். அப்போதும் முப்பது.

"வயிறு எறங்குது, வலி ஏறுது. எங்க கடையில இதுக்கு மருந்து இல்ல அண்ணி" என்றாள்.

நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் ஒரே தட்டில் வந்தால் எதை எடுப்பது? குணமாகிறதா, சாகிறதா? குணமாகிறது என்று நினைத்தால் கதவு இடிபட்டது. சாகிறது என்று நினைத்தால் இதயம் கடிகாரம் போல ஓடியது. கொட்டகைக்குப் போய் நீலப் பட்டைக்காரியைத் தடவிக்கொடுத்தாள். அது சுவரைப் பார்த்துக்கொண்டு சாதுவாக நின்றது. புல்லைத் தொடவில்லை. கூட்டாளியை நினைத்து ஏங்குகிறது என்றார் கணவர். "நீயாவது சமர்த்தா இரு" என்று அதன் காதில் சொல்லிவிட்டு வந்தாள்.

பதினொன்றரைக்கு டாக்டரம்மா வந்தார். கார் ஷெட்டில் குனிந்து வெகுநேரம் கேட்டார். வலதுபக்கம் கேட்டார், இடதுபக்கம் கேட்டார். நிமிர்ந்தபோது அவர் முகம் பரீட்சையில் படிக்காத கேள்வி வந்த மாணவியின் முகம்.

"குடல் சத்தம் இருக்கு. இதயம் அம்பத்திரண்டு. ஆனா எண்ணெய் வரல, இப்படி உதைக்குது. ஒண்ணு உங்க டேப் தப்பு, இல்ல என் படிப்பு தப்பு." குடல் முறுக்கிக்கொண்டிருந்தால் இப்படி ஏமாற்றும் என்று எங்கோ படித்த ஞாபகம் என்றார். இனிமேல் காத்திருக்கும் துணிச்சல் தனக்கு இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுவதுதான் சரி என்று முடித்தார்.

கணவர் வேனின் பின்சீட்டுகளைக் கழற்றி மெத்தை போட்டார். சிவப்புப் பட்டைக்காரியை இரண்டு பேராகத் தூக்கி ஏற்றினார்கள். ஏற்றும்போதே அது நாத்தனாரின் துப்பட்டா நுனியைக் கவ்வி மென்றது.

பயணத்தில் ஜோடியும் கூட இருக்கட்டும் என்று பியூட்டி ஏலக்காயைக் கூட்டிவரப் போனாள்.

கொட்டகையில் அது இன்னமும் அதே சுவரைப் பார்த்துக்கொண்டு அதே இடத்தில் நின்றது. பட்டையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. காதைப் பிடித்தாள். ஐஸ் கட்டி. மேலுதடு சுருண்டு பல் தெரிந்தது. வயிற்றில் கை வைத்தாள். மேளத்தில் கை வைத்த மாதிரி இருந்தது. இடுப்பில் சொருகியிருந்த டேப்பை எடுத்துச் சுற்றினாள்.

முப்பத்தாறு.

இதுக்கும் வந்துவிட்டதா? அப்புறம் காலண்டரின் கட்டங்கள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. முப்பத்து மூன்று. நாலு மணி. முகப்பட்டை. முப்பத்தொன்று. முப்பது. உதை, கடி, பிராண்டல். நேற்று நாலு மணியிலிருந்து ஒருவாய் தீவனம் தராமல் பூட்டி வைத்தால் எந்தக் குட்டிதான் கதவை உதைக்காது?

அதன் முகத்தை இரண்டு கைகளாலும் ஏந்திப் பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், மூக்கு வளைவைப் பார்த்தாள். கிராம்பா? ஏலக்காயா? தெரியவில்லை. இன்றைக்கு மட்டுமல்ல. உண்மையைச் சொன்னால், முதல் டை போட்ட நாளிலிருந்தே அவளுக்கும் தெரியாது. அவளும் பட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வேன் ஸ்டார்ட் ஆகும் சத்தம்.

ஒரு சுலபமான வழி இருந்தது. 'இதுக்கும் ஒட்டிக்கிச்சு' என்று சொல்லிவிடலாம். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். நாத்தனாரின் நான்கு பக்கப் பார்வை வராது. ஆனால் பசியில் உதைத்த ஒரு குட்டியின் வயிற்றை யாரோ கத்தியால் திறப்பார்கள்.

அவள் ஓடிப்போய் வேனின் முன்னால் நின்றாள்.

"என்னங்க, நிறுத்துங்க. உள்ள இருக்கறது எதுன்னு எனக்குத் தெரியல."

"எதுன்னா?"

"கிராம்பா ஏலக்காயான்னு தெரியல. நேத்து பட்டைய மாத்தி மாட்டிட்டேன்னு நினைக்கிறேன். கொட்டகையில இருக்கறதுக்கு வயிறு முப்பத்தாறு."

கணவர் இன்ஜினை அணைத்தார். இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்துவிட்டார். சத்தம் போட்டிருந்தால் தேவலை.

டாக்டரம்மா கொட்டகைக்கு விரைந்தார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். இதயம் நூற்று நாலு. வலதுபக்கம் மயான அமைதி. திரும்பி வந்தவரின் குரலில் முதல்முறையாகக் கோபம்.

"எனக்கு ஒண்ணு மட்டும் நிச்சயமாத் தெரியணும். நேத்து நான் பார்த்த குட்டி இதுதான்னா, இது அடைப்பு, எண்ணெய் ஏற்கனவே உள்ள இருக்கு. நேத்து பார்த்தது அதுவும் இன்னிக்கு விழுந்தது இதுவும்னா, தீவனத்துல விஷம். வைத்தியமே வேற. தப்பா செஞ்சா இது போயிடும். நேத்து விழுந்தது எது?"

"கிராம்பு. நெத்தியில வெள்ளை வேர் தெரிஞ்சுது."

"எங்க வெள்ளை?"

பியூட்டி டாக்டரின் விரல்களைக் காட்டினாள். "நீங்க வர்றதுக்கு முன்னாடி டை போட்டுட்டேங்க. அது ஈ மருந்து இல்ல."

டாக்டரம்மா தன் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டார். நேற்றைய கறுப்பு இன்னும் நகக்கண்ணில் இருந்தது. "கழுவினா போகுமா?"

"ஆறு வாரம் போகாது. கேரண்டி" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு உதட்டைக் கடித்தாள்.

நாத்தனார்தான் கேட்டாள். "முடிக்குத்தானே அண்ணி டை? தோலுக்கு?"

பியூட்டி பார்லருக்குள் போய் ட்ரிம்மரோடு வந்தாள். ஒட்ட வெட்டும் பிளேடு. முடி கறுப்பாகலாம், அதன் கீழே தோலின் நிறம் மாறாதே. வெள்ளை முடி முளைக்கிற இடத்தில் தோல் வேறு நிறமாகத்தான் இருக்கும் என்றார் டாக்டரும். முதலில் வேனில் இருந்த சிவப்புப் பட்டைக்காரி. நெற்றியில் ஒரு இழுப்பு. அடியில் தோல் சிலேட்டு நிறம். இன்னும் அகலமாக இழுத்தாள். சிலேட்டு. அது ட்ரிம்மரின் வயரைத் தின்னப் பார்த்தது.

பிறகு கொட்டகை. நீலப் பட்டைக்காரி அசையவில்லை; அசையவும் அதற்குத் தெம்பில்லை. ஒரு இழுப்பு. கறுத்த மயிர் உதிர்ந்த இடத்தில், பிறந்த குழந்தையின் உள்ளங்கால் மாதிரி ரோஸ் நிறம் எட்டிப் பார்த்தது. இரண்டாவது இழுப்பில் எலுமிச்சம்பழ அளவுக்கு முழுச் சுட்டியும் வெளியே வந்தது.

"கிராம்பு" என்றாள் பியூட்டி. சொல்லிவிட்டு நீலப் பட்டையைக் கழற்றினாள்.

"அடைப்புதான்" என்றார் டாக்டர். "நல்ல வேளை, புல்லு போட்டும் திங்கல. அதுக்கு இருக்கற அறிவு இந்த வீட்ல வேற யாருக்கும் இல்ல."

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டார். இந்த வீக்கத்தோடு மூன்று மணி நேரம் குலுக்கிக்கொண்டு வந்தால் குடல் வழியிலேயே வெடிக்கலாம், முதலில் குழாய் போட்டுக் காற்றை இறக்குங்கள் என்றார்கள். இறக்கினார். புளித்த வாடை கொட்டகையை நிறைத்தது. வெதுவெதுப்பான தண்ணீரும் இன்னொரு தடவை எண்ணெயும் போயின. பின்பக்கம் சோப்புத் தண்ணீர் எனிமா. இரண்டு மணி வரைக்கும் பார்ப்பது, இல்லையென்றால் வேன். அவ்வளவுதான்.

கணவர் நடத்தினார். பியூட்டி வயிற்றை நீவினாள். தலைக்கு எண்ணெய் மசாஜ் செய்கிற அதே வட்டம், அதே அழுத்தம். பின்னால், பட்டினியிலிருந்து விடுவிக்கப்பட்ட ஏலக்காய் வாய் நிறையப் புல்லோடு நாத்தனாரை இழுத்துக்கொண்டு நடந்தது. ஒரு மணிக்கு முப்பத்தைந்து. ஒன்றரைக்கு முப்பத்தைந்து. பியூட்டிக்கு இப்போது எண்களையே நம்பப் பயமாக இருந்தது. டேப்பைப் படிக்கும்போதெல்லாம் குனிந்து நெற்றியையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள், ரோஸ்தானா என்று.

இரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது குட்டி நின்றது. வாலைத் தூக்கியது. முக்கியது. ஒன்றும் வரவில்லை. மறுபடி முக்கியது.

கல் மாதிரி ஒரு உருண்டை தரையில் விழுந்து உருண்டது. அதன் பின்னால், குழாயைத் திறந்துவிட்ட மாதிரி, எண்ணெய்.

கணவர் செல்போனை எடுக்கப் போய், டாக்டர் பக்கத்திலேயே நிற்கிறார் என்பது ஞாபகம் வந்து பைக்குள் வைத்தார். டாக்டரம்மா கையுறையோடு உருண்டையை எடுத்து இரண்டாகப் பிட்டார். உள்ளே தேங்காய் நார் மாதிரி சுருண்டு கிடந்தது முடி. நீளமான, தாமிர நிறத்தில் மினுங்குகிற முடி. பார்லரில் பெருக்கிய முடியைக் கொட்டகை மூலையில் சாக்கில் கட்டிப் போடுவது வழக்கம். சாக்கின் ஒரு மூலை பிய்ந்திருந்ததை அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

நாத்தனார் குனிந்து உற்றுப் பார்த்தாள். "இது எதிர்வீட்டு டீச்சரோடது அண்ணி. போன மாசம் நீங்கதான் இந்தக் கலர் அடிச்சீங்க."

பியூட்டி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே பிடிபடவில்லை. அடைத்ததும் அவள் கை வேலை, மறைத்ததும் அவள் கை வேலை, மாற்றி மாட்டியதும் அவள் கை வேலை. நீவிவிட்டதும் அதே கைதான். எதை எதில் கழிப்பது?

மாலை நாலு மணிக்கு இதயம் அறுபத்தாறு. வயிறு முப்பத்திரண்டு. கிராம்பு ஒரு கைப்பிடி ஈரப்புல்லை மென்று முடித்து இன்னும் கேட்டது. நாளைக்குத்தான் என்றார் டாக்டர். சாக்கை இன்றே அப்புறப்படுத்தச் சொன்னார். டைக் கிண்ணத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னார். அவற்றைப் பியூட்டி வாழ்நாளில் மறக்கமாட்டாள், யாரிடமும் சொல்லவும் மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விழாவுக்குப் போன் வந்தது. ஜோடி அப்படியே ஒரே மாதிரி இருக்குமல்லவா என்று கேட்டார்கள். கணவர் மனைவியைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள், இல்லையென்று.

"இல்லைங்க" என்றார் அவர் போனில். "ஒண்ணுக்கு நெத்தி ரோஸ், ஒண்ணுக்குக் கறுப்பு. சவுகரியமா இருந்தா சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு, கொல்லைக் கதவருகே நின்று, பரீட்சித்துப் பார்க்கிற மாதிரி மெல்லக் கூப்பிட்டார்.

"கிராம்பு."

இரண்டு குட்டியும் திரும்பிப் பார்த்தன.